பங்கர் பாயும் காயாத சதுரமும்

அன்று கழிமுகக் கரையில் இருந்தவர்கள் மூவர்: எக்ஸ்கவேட்டர் ஓட்டும் முருகேசண்ணன், தண்ணீர் டேங்கர் ஓட்டும் பங்கர் பாய், கையில் டிராயிங்குடன் சர்வே உதவியாளனான நான். இல்லாதவர் சேஃப்டி ஆபீசர். அவருக்குப் பல்வலி.

குவைத்தில் எத்தனையோ பேர் எண்ணெய் தேடினார்கள். பங்கர் தேடிய ஒரே மனிதர் எங்கள் பாய்தான். தொண்ணூறாம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஈராக்காரர்கள் வடக்கே கழிமுகத்தையும் பண்ணை வாய்க்கால்களையும் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் பதுங்கறைகள் மணலுக்குள் புதைந்து போயிருந்தன. எல்லோரும் மறந்துவிட்ட அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பெயரும் சூட்டியிருந்தார். துப்பாக்கித் துவாரம் ஒன்றுதான் என்றால் ‘ஒத்தக்கண்ணன்’. நாலு பக்கமும் துவாரம் இருந்தால் ‘மாமியார்’.

உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றி, சலாம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

“உள்ள யாரு பாய் இருக்கா?”

“யாரும் இல்லாட்டி என்னப்பா? அடுத்தவன் வீடுல்ல.”

ஃபர்வானியாவில் எங்கள் ரூமிலும் இரண்டு பீரோக்களுக்குப் பின்னால் கட்டிலைப் போட்டு, நாலு விரல் இடுக்கு வழியாக வாசலைக் கண்காணித்தார். அவருடைய ஷாம்பூவைச் சுடப்போன முருகேசண்ணன் மூன்று முறை பிடிபட்டார். “பீரோவுக்குக் கண்ணு மொளச்சிருக்காய்யா!” என்று அலறினார்.

அன்றைக்கு வாய்க்காலை அகலப்படுத்தும் வேலை. அந்தத் துண்டை முடித்தால்தான் முருகேசண்ணனுக்கு லீவ் லெட்டர் தருவேன் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஃப்ளைட். பிறந்து பதினோரு மாதமான மகளை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

முருகேசண்ணன் எக்ஸ்கவேட்டர் பக்கெட்டைத் தூக்கிய நேரத்தில் பாய் டேங்கரைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“தோண்டாதே. கீழ ஒருத்தன் இருக்கான்.”

நான் ஓடிப்போய்க் கேட்டேன். “யாரு பாய்? ஆளா?”

“பங்கருப்பா.”

மூச்சு வந்தது. டிராயிங்கை விரித்தேன். எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் நான். காகிதத்தில் இல்லாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அப்போது நம்பியதில்லை. “டிராயிங்ல ஒண்ணும் இல்லையே பாய்.”

“மறைஞ்சிருக்கக் கட்டுனவன், ஒன் டிராயிங்ல பேரக் குடுத்துட்டா கட்டுவான்?”

“பாய், வழிய விடுங்க!” முருகேசண்ணன் மேலிருந்து கத்தினார். “எம்பொண்ணு போன்ல என்னய அப்பான்னு நெனைக்கல. போனத்தான் அப்பாங்குது!”

பாய் கீழே இறங்கினார். டேங்கரின் குழாயைத் திறந்துவிட்டார். புழுதி அடங்க ரோட்டில் தெளிக்க வேண்டிய தண்ணீர் முழுவதும் மணலில் பாய்ந்தது. நான் தலையில் கை வைத்தேன். பத்து நிமிடத்தில் சுற்றிலும் தண்ணீர் உள்ளே போய் மணல் வெளுத்தது. நடுவில் ஓர் இடம் மட்டும், அளந்து வெட்டியதுபோல் சதுரமாக, ஈரம் இறங்காமல் பளபளத்தது. கீழே கான்கிரீட் கூரை இருந்தால் தண்ணீர் இறங்காது; பத்து வருடமாகப் பாய் பங்கர் கண்டுபிடித்த வித்தை இவ்வளவுதான்.

நான் நம்பாமல் சர்வே கம்பியால் குத்தினேன். ‘டங்’ என்றது.

பாய் வாய்க்காலுக்குள் இறங்கி, சரிவில் கையால் மணலை விலக்கினார். ஒரு துவாரம் தெரிந்தது. போன் லைட்டை உள்ளே அடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“தம்பி, மெதுவா வா. இங்க சலாம் சொல்ல வேணாம், சத்தமே வேணாம்.”

எட்டிப் பார்த்தேன். உள்ளே சுவரோரமாகத் துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள், மளிகைக் கடையில் எண்ணெய் டின் அடுக்கியதுபோல்.

போலீஸும் வெடிகுண்டு எடுப்பவர்களும் வந்து, எங்களை ஐந்நூறு மீட்டர் தள்ளிப் போகச் சொன்னார்கள். முருகேசண்ணன் இரண்டு கிலோமீட்டர் போனார். முதல் பக்கெட் எங்கே இறங்கவேண்டும் என்று டிராயிங்கில் நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தேன். அது அந்த அடுக்குக்கு நேர் மேலே இருந்ததை அதிகாரி பேனா நுனியால் காட்டினார். பாய்தான் என்னை டேங்கர் நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

சைட்டை மூடிவிட்டார்கள். “காம் மாஃபி, கலாஸ்”, வேலை இல்லை, முடிந்தது என்று ஃபோர்மேன் லெட்டரில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை முருகேசண்ணன் பறந்தார். சனிக்கிழமை ஒரு போட்டோ வந்தது. மகள் அவர் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள், அவருக்குக் கண்ணில் தண்ணீர். பாய் அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, “வலிக்கும்ல?” என்றார்.

மாதக் கடைசியில், அனுமதி இல்லாமல் ஒரு டேங்கர் தண்ணீரை மணலில் கொட்டியதற்காகக் கம்பெனி பாய் சம்பளத்தில் பதினெட்டு தினார் பிடித்துக்கொண்டது. முருகேசண்ணன் லீவ் முடிந்து திரும்பியதும், பாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இருவரும் அவர் சட்டைப் பையில் திணித்தோம். ஆளுக்கு ஒன்பது தினார்.