மாப்பிள்ளை வரைந்த பலகை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் மரியாதையுடன் எழுதுவது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலமில்லை. இந்த முறையும் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன், பெண்ணைக் கொடுத்த இடத்தில் அப்படிப் பேசக் கூடாது என்று உங்கள் அத்தை தடுத்துவிட்டாள். கடிதத்தில் ஒரு வசதி, எழுதிய வார்த்தையை அடிக்கலாம். இதுவரை இரண்டு வார்த்தை அடித்திருக்கிறேன். அவை என்னவென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்கள் அத்தை கால் நூற்றாண்டாக அடுத்தவர் தையல் கடையில், அடுத்தவர் பெயர்ப் பலகைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து தைத்தவள். அடுத்த வெள்ளிக்கிழமை சொந்தக் கடை திறக்கிறாள். மிஷின் வந்துவிட்டது, ஆளுயரக் கண்ணாடி மாட்டியாயிற்று, துணி வெட்டும் மேஜைக்கு நானே கால் போட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வாசலுக்கு மேலே அவள் பெயர். "பேர் ஏறாம நான் கதவத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். தெருமுனையில் இருக்கிற பெயிண்டர் தானாகவே வந்து எழுதித் தருகிறேன் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல படம் வரையறவர், அவர் பாத்துக்குவார்" என்று மார் தட்டினேன். அந்தப் பெயிண்டர் இப்போது போகும்போதும் வரும்போதும் சைக்கிளை மெதுவாக்கி மேலே பார்க்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல்.

அளவு ஆறடிக்கு இரண்டடி. இரும்புச் சட்டம் போட்டது நான். வாழ்நாள் பூராவும் தண்ணீர்க் குழாய் பொருத்தின கை, சட்டத்தில் நூலளவு தப்பில்லை. நீங்கள் அனுப்பிய முதல் படத்தை லேசர் கடைக்காரரிடம் கொடுத்தேன், அவர் அக்ரிலிக் பலகையில் வெட்டிக் கொடுத்தார், பக்கத்துக் கடை சலூன்காரர் ஏணியைப் பிடிக்க நான் மேலே ஏறி, பின்பக்கமிருந்து பலகையைச் சட்டத்துக்குள்ள வச்சா, ஒரு நொடி நின்னுது, அடுத்த நொடி முன்பக்கமா நழுவி, சலூன்காரர் தோளைத் தொட்டுட்டு ரோட்டுல போய்ப் படுத்துக்கிச்சு. அளந்து பார்த்தா நாலு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் குறைவு. லேசர் கடைக்குச் சண்டைக்குப் போனேன். அவர் உங்க படத்தைத் திறந்து காட்டறார். சுத்தி வர ரெண்டங்குலத் தடிமன்ல கறுப்பா ஒரு கோடு. அழகுக்காம். கம்ப்யூட்டர் அந்தக் கோட்டோட வெளி விளிம்பு வரைக்கும் சேத்து அளந்து ஆறடின்னு காட்டுது. ஆனா வெட்டற மிஷின்? "அதுக்குக் கோட்டோட தடிமன் எல்லாம் தெரியாது சார், கோட்டுக்கு நட்ட நடுவுல ஓடும்"ங்கறார். நடுவுல ஓடினா ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம் போச்சா இல்லையா? மாப்பிள்ளை, குழாய்க்கு உள்ளளவுன்னு ஒண்ணு இருக்கு, வெளியளவுன்னு ஒண்ணு இருக்கு. எந்த அளவுன்னு கேக்காம குழாய் வாங்கப் போனா கடைக்காரரே சிரிப்பார். கோடும் அப்படித்தான்னு உங்க காலேஜ்ல யாரும் சொல்லலையா?

போன் பண்ணினேன். "சரி மாமா, என் தப்புதான்"னீங்க. ஒரு மனுஷன் கத்தறானே, திருப்பிக் கொஞ்சம் கத்துவோம்னு கூட இல்லை. கோட்டை எடுத்துட்டு ரெண்டாவது படம் அனுப்பினீங்க. அந்தப் பலகையை நான் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். ஆறடிப் பலகை கக்கத்துல அடங்குமா? ரெண்டடி நீளம், எட்டு அங்குல உயரம், டீ கொண்டு வர்ற தட்டு மாதிரி. மறுபடி லேசர் கடை. இப்ப என்னன்னா, நீங்க ஒரு பெரிய வெள்ளைப் பக்கத்துக்கு நடுவுல படத்தை வரைஞ்சு, படத்தை மட்டும் அனுப்பாம மொத்தப் பக்கத்தையும் சேத்து எக்ஸ்போர்ட் பண்ணிட்டீங்களாம். அவர் அகலம் ஆறடின்னு தட்டினார். வெள்ளைப் பக்கம் ஆறடி ஆச்சு, நடுவுல கிடந்த உங்க அத்தை பேர் ரெண்டடி ஆச்சு. ஒண்ணுமில்லாத வெத்து இடத்துக்கு நாலடி, உழைச்சவளுக்கு ரெண்டடி. உங்க அத்தை அதைக் கையில வாங்கினா. முன்னாடி பார்த்தா, திருப்பிப் பின்னாடி பார்த்தா. "நம்ம கடை இவ்வளவுதான் இருக்கும்னு நினைச்சுட்டாரா?"ன்னு கேட்டா. கோபமா கேட்டிருந்தா தேவலை, நிஜமாவே கேட்டா. சமையலறையில போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு நின்னேன்.

"பக்கத்தைச் சுருக்கிட்டேன் மாமா"ன்னீங்க. சுருக்கினீங்க, யார் இல்லைன்னா? படத்தை விடச் சின்னதா சுருக்கிட்டீங்க. பக்கத்துக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் எக்ஸ்போர்ட்ல போயே போச்சு. லேசர் கடைக்காரரும் அந்தப் பக்கத்தையே ஆறடியாக்கி, அதோட விளிம்புல வெட்டிட்டார். மூணாவது பலகை சட்டத்துல கச்சிதமா உக்காந்துது. சந்தோஷமா ஏணியில இருந்து இறங்கி நிமிர்ந்து பாக்கறேன், பேருக்குப் பக்கத்துல ஓரமா வரைஞ்சிருந்த கத்தரிக்கோலுக்கு ஒரு பக்கம்தான் இருக்கு. தையல் கடை வாசல்ல பாதிக் கத்தரிக்கோல். "எனக்குக் குடுத்துடுங்க, சவரக் கத்தின்னு சொல்லி மாட்டிக்கறேன்"ங்கறார் சலூன்காரர். பெயிண்டர் அன்னிக்கு சைக்கிளை ஸ்டாண்டே போட்டுட்டார்.

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வீட்டுல என் பொண்ணு இருக்காளே, அவகிட்டயாவது ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா? பள்ளிக்கூடம் போற காலத்துலயே அவ நோட்டுல ஓரக்கோடு போட்டா அச்சடிச்ச மாதிரி இருக்கும். அளவு விஷயத்துல அவ அப்படியே என்னைக் கொண்டிருக்கா. அப்படிப்பட்டவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு பலகையைக் கெடுத்தீங்களே, இதை எங்க போய்ச் சொல்றது? அவகிட்ட போனைக் குடுங்கன்னு கேட்டா அதுக்கும் வேலையா இருக்கான்னு சொல்லிட்டீங்க.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் நாலாவது படம் சரியாக வந்து சேர வேண்டும். இல்லையென்றால் நான் வெட்கத்தை விட்டுப் பெயிண்டர் வீட்டுக் கதவைத் தட்டுவேன், அந்தப் பாவம் உங்களைச் சேரும். கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் நான் ஒன்றும் குறைத்துக் கொடுக்கவில்லை. இருவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்க அத்தை இதை வாங்கிப் படிச்சா. படிச்சுட்டுச் சிரிச்சா, கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடியும் சிரிச்சா. அப்புறம்தான், நேத்து பொண்ணு போன்ல அவகிட்ட ஒத்துக்கிட்ட விஷயத்தைச் சொன்னா. மூணு படமும் வரைஞ்சது நீங்க இல்லையாம், என் பொண்ணாம். சில மாசமா உங்ககிட்ட இந்த வேலையைக் கத்துக்கறாளாம். அம்மா பேரை நான்தான் வரைவேன்னு ஒரே பிடிவாதமாம். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஆரம்பத்துலயே திட்டி வேண்டாம்னுடுவார்னு பயமாம். அவளுக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் நீங்க வாங்கிக்கிட்டு "சரி மாமா, சரி மாமா"ன்னு இருந்திருக்கீங்க.

மாப்பிள்ளை, நிதானமா யோசிச்சா அவ மேல என்ன தப்பு? கோடுன்னா தடிமன் இருக்கத்தான் செய்யும், நடுவுல ஓடற மிஷினைத்தான் சொல்லணும். சுத்தி நாலு பக்கமும் தாராளமா இடம் விட்டு வரையறது நல்ல பழக்கம். கத்தரிக்கோல் பாதி தெரிஞ்சா மீதி ஜனங்களுக்குப் புரியாதா? எல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வெட்டின அந்த லேசர் கடைக்காரர் பண்ணின வேலை. மறுபடி எழுதக் கை வலிக்குது, அதனால மேலே உங்களைத் திட்டியிருக்கற இடத்துல எல்லாம் அவரைப் போட்டுப் படிச்சுக்கோங்க. படிச்சதும் கிழிச்சுடுங்க, அவ கண்ணுல பட வேண்டாம். நாலாவது படத்தையும் அவளே வரையட்டும், அவசரப்படுத்தாதீங்க, கடையை ஒரு வாரம் தள்ளித் திறந்துக்கலாம்னு உங்க அத்தையே சொல்லிட்டா. அதுவும் பொருந்தலைன்னா பலகை மேல நான் கை வைக்க மாட்டேன். சட்டத்தை அறுத்து, அவ என்ன அளவுல வரைஞ்சிருக்காளோ அந்த அளவுக்குப் புதுசா வெல்டு பண்ணிக்கறேன்.