மொட்டைக்கு முட்டை இல்லை

தாங்கள் யார் என்று தெரிந்துகொள்வதற்காகச் செங்கம் ரோட்டில் எங்கள் ஊர் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுத்து, வருஷக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் வெளிநாட்டுக்காரர்கள். பாவம், வீண் செலவு! எங்கள் ஆபீஸ் செல்போனில் ஒரு செயலி இருக்கிறது. முகத்தைக் காட்டினால் போதும், நீங்கள் யார் என்று அதுவே சொல்லிவிடும். 'முகம் பார்த்து முட்டை' என்பது அதன் திருநாமம். பால்வாடிக் குழந்தையின் முகத்தை அது ஒப்புக்கொண்டால்தான் அன்றைய முட்டை. 'போலிக் குழந்தைகள்' யாரும் தின்றுவிடக் கூடாதல்லவா?

இந்த மகத்தான திட்டத்தின் தர மேற்பார்வையாளன், அடியேன் சகாதேவன்.

திங்கட்கிழமை அடி அண்ணாமலை பால்வாடிக்கு ஆய்வுக்குப் போனேன். வாசலிலேயே ரகளை. வள்ளி என்ற அம்மா, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு இருந்த மகள் கவிநிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, டீச்சர் தேவிப்ரியாவிடம் மல்லுக்கு நின்றாள்.

"நேத்து கோயில்ல மொட்டை போட்டோம் சார். இன்னிக்கு இவ கவிநிலாவே இல்லைன்னு செல்போன் சொல்லுதாம்! முட்டை கிடையாதாம்!"

"நான் என்னங்க சார் பண்றது?" என்றாள் டீச்சர். "பழைய போட்டோவுல ரெட்டை ஜடை. 'பயனாளி அல்ல'ன்னே வருது."

பெற்ற தாய்க்கே மசியாத செயலி! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"விதிப்படி உங்க பொண்ணு இப்ப 'தற்காலிகமா இல்லை'ம்மா. முடி வளந்ததும் கூட்டிட்டு வாங்க."

"வளர்ற வரைக்கும் பசிக்காதா? நல்லா இருக்குதே நாயம்! வீட்ல நான் எங்க சார் முட்டை வாங்கறது? இங்க குடுக்கறது ஒண்ணுதான்."

வள்ளி தன் ஜடையையே எடுத்துக் குழந்தையின் தலையில் போட்டுப் பிடித்தாள். 'ஒரு முகம் மட்டும் காட்டவும்' என்றது செயலி. கவிநிலா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

கடைசியில் ஆபீஸ் கம்ப்யூட்டர்க்காரர் அன்பரசனுக்குப் போன் போட்டேன். "மொட்டையோட புது போட்டோ ஏத்துங்க சார், எடுத்துக்கும்" என்றார். ஏற்றினோம்.

"இப்படி நேரா பிடிக்கணும், பாருங்க" என்று டீச்சருக்குப் பாடம் நடத்தியபடி செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எனக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.

டிங்!

'கவிநிலா. வயது நான்கு. முகம் பொருந்தியது. முட்டை வழங்குக.'

"ஐயோ சார், இவ முட்டைய நீங்க எடுத்துட்டீங்க! இன்னிக்கு மறுபடி வராதுங்க."

நான் என்ன செய்ய? பொருந்திய முகம், டீச்சர் முன்னாலேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. விதியை நானே மீறலாமா? குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டேன்.

"சின்னப் புள்ள முட்டைய துன்னா வவுறு வலிக்கும் சார்!" என்றாள் வள்ளி.

"மஞ்சக்கருவாவது குடேன்" என்றாள் கவிநிலா.

முட்டையைப் பிரித்து வழங்க விதியில் இடமில்லை என்று அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். அழுதாள். நாலு வயசுதானே, நிர்வாகம் தெரியாது.

அன்று முதல் தினமும் காலையில் கவிநிலாவுக்கு முன்னாலேயே போய்விடுகிறேன். அவள் பெயரில் வழங்கல் ஒருநாள்கூடத் தவறக் கூடாதே!

போன வாரம் ஆய்வுக் கூட்டம். "இந்தத் திட்டத்தால யாருக்காவது எடை கூடியிருக்கா?" என்று பெரிய அதிகாரி கேட்டார். நான் எழுந்து நின்று என் தொப்பையைத் தட்டிக் காட்டினேன். ஹாலே அதிரும்படி கைதட்டினார்கள். தட்டியவர்களில் தொப்பை இல்லாதவர் ஒருத்தர்கூட இல்லை.