ரிவர்ஸ் இல்லாத ஒரிஜினல்

பின்னால் போகவே தெரியாத ஒரு காரைப் பதினோரு வருஷம் ஓட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் புதுக்கோட்டையில் இருந்தார். கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, அந்தக் காரை என் கையாலேயே பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் அவர் ஹெட் கிளார்க். அவருடைய சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கே அவர் 'ஒரிஜினல்'தான். எதைக் காட்டினாலும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஒர்ஜினலா?" என்பார். ஒருமுறை அவருடைய சிநேகிதரான திருக்கோகர்ணம் பல் டாக்டர், ஒரு பெரியவருக்குப் புதுப் பல்செட் மாட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த இவர் வழக்கம்போல் அதையே கேட்டுவைத்தார். அந்தப் பெரியவர் அப்புறம் ஒரு மாதம் சிரிக்கவே இல்லை.

கார் வந்த கதை சுருக்கமானது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு பெரிய அதிகாரி, ஓடாத தன் சீமைக் காரை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தார். இவர் தலையை நீட்டினார். நீள மூக்கு, சரிந்த கூரை, கரும்பச்சை நிறம். நாலு கதவு வைத்த குடும்பக் கார்தான். ஆனால் தன்னைப் பந்தயக் கார் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸுக்கு வரும்போது அவருக்கும் அதே நினைப்பு உண்டு.

இவர் கைக்கு வந்தபோதே கியர்பாக்ஸில் ரிவர்ஸ் பல்சக்கரம் மொழுக்கென்று தேய்ந்து கிடந்தது. மாற்றுச் சக்கரம் சீமையில்தான் கிடைக்கும்; இறக்குமதிக்கோ அனுமதி இல்லை. அதனால் அவர் போகும் வழியெல்லாம் வட்டமாகவே இருக்கும். புதுக்கோட்டையின் ராஜ வீதிகள் நேர்நேராக ஓடுவதால் பிழைத்தார். காய்கறி வாங்கக் கிளம்பியவர் கடையைத் தாண்டிவிட்டால், நாலு வீதியும் சுற்றி மறுபடி வருவார். ஆபீஸ் வாசலில் மட்டும் சுவர் இருந்தது. அதனால் தினமும் ஐந்து மணிக்குக் குமாஸ்தாக்கள் நாலு பேரும் எழுந்து வெளியே போவோம்.

"கவர்மெண்டு எனக்கு நாலு ரிவர்ஸ் குடுத்திருக்கு. நாலும் காப்பியில ஓடுது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு பக்கமும் திறந்த அவர் வீட்டுக் கொட்டகையில் சபை கூடும். பல் டாக்டர் வருவார். மீமிசலிலிருந்து ஒரு மீன் வியாபாரி வருவார். மூவரிடமும் சீமைக் கார்கள். மூன்றும் சேர்ந்தால் ஒன்றரைக் கார் தேறும்.

"கேஸ்கட் மெட்ராஸ்ல கெடைக்குதாம்ல?" என்று மீன் வியாபாரி ஆரம்பிப்பார்.

"கெடைக்குது. ஒர்ஜினலா?"

"ஒர்ஜினலுக்கு நா எங்கிட்டுப் போறது? கப்பல்ல வருதுன்னு மூணு வருஷமாச் சொல்றாங்ய."

"அந்தக் கப்பல்லயும் ரிவர்ஸ் இல்ல போலருக்கு" என்பார் பல் டாக்டர்.

அந்தச் சபையின் குலதெய்வம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்டைப் பங்கிடும் சாமான் அது. மீன் வியாபாரியின் மச்சான் கொழும்பில் இரண்டு வருஷம் தேடி அனுப்பியது. சீமை முத்திரையோடு, அசல் ஒரிஜினல். அது இல்லாவிட்டால் கார் வெறும் இரும்புப் பெட்டி. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் வாரம் ஒருமுறை ஹெட் கிளார்க் அதைக் கழற்றித் துடைத்துத் தன் காரில் மாட்டுவார்.

வீட்டில் உண்மையான பிள்ளை ஒன்றும் இருந்தது. ஒரே மகள் தனம், பள்ளிக்கூட டீச்சர், தங்கமான பெண். இருபத்தைந்து வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. வந்த இரண்டு இடங்களையும் அப்பாதான் கெடுத்தார். முதல் இடத்தில் மாப்பிள்ளை வீட்டுக் காரின் பெயிண்ட் ஒரிஜினல் இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது இடத்தில் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனவர், அவர்கள் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாவது இடம் அறந்தாங்கி. மாப்பிள்ளை பாங்கியில் வேலை, அவர் அப்பா மரம் விற்கும் மரவாடிக்காரர். ஞாயிறு நாலு மணிக்குப் பெண் பார்த்து, நாலரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க அந்த வண்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று அவர் மனைவி மீனாட்சியக்கா சொல்லிவிட்டார்.

காரைத் தார்ப்பாய் போட்டு மறைக்கும் பொறுப்பு என்னுடையது. மறைத்தேன். தார்ப்பாய் குட்டை, காரின் மூக்கு நீளம்.

டாக்ஸியிலிருந்து இறங்கிய மரவாடிக்காரர் அந்த மூக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இந்த வண்டி ஒங்களுதுங்களா? நம்மகிட்டயும் இதே வண்டி ஒண்ணு ஏழு வருஷமா நிக்குதுங்க."

ஒரிஜினல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ரிவர்ஸ் விழுகுதா?"

"ரிவர்ஸ் ஜம்முனு இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர்தான் இல்ல."

அவ்வளவுதான். தனம் காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளை இருந்தார், அவர் அம்மா இருந்தார், அப்பாக்கள் இருவரையும் காணவில்லை. தேடிப் போனால், காருக்கு அடியிலிருந்து நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, பொண்ணு வந்து நிக்குது!" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார்.

"காப்பியக் குடிக்கச் சொல்லு!" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

எல்லோரும் கொட்டகைக்கு ஓடிவிட்டதில் ஒரு நன்மை. கூடத்தில் தனியாக நின்ற பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் பிடித்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது.

நாலே காலுக்குக் கொட்டகையில் குரல் உயர்ந்தது.

"அந்த ரிவர்ஸ் சக்கரத்தக் கழட்டிக் குடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மொத டிஸ்ட்ரிபியூட்டரக் குடுங்க."

"அது கொழும்புலேருந்து வந்த ஒர்ஜினலுங்க!"

"எங்க வீட்டுச் சக்கரம் மட்டும் என்ன, சந்தையில வாங்குனதா?" மரவாடிக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "ஒரு சாமானக் குடுக்கவே இவருக்கு மனசு வரல, பொண்ண எங்கிட்டுக் குடுக்கப் போறாரு? எல்லாரும் கெளம்புங்க!"

மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டு நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. பெண்ணின் அப்பா பல்சக்கரம் கேட்டு நிற்கப்போன கல்யாணம் இது ஒன்றுதான். மீனாட்சியக்கா அண்ணன் வீட்டுக்குப் பெட்டி கட்ட உள்ளே போய்விட்டார்.

தனம் மட்டும் கொட்டகை வாசலுக்கு வந்து, "பரவால்லப்பா, விடுங்க. அது ஒங்களுக்கு ஆசையான வண்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

ஒரிஜினல் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் திரும்பிப் போனார். ஸ்பானர் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் கையில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. தோள் துண்டால் துடைத்து, தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் வைத்தார்.

"புடிங்க சம்பந்தி. நாலரை ஆகப்போகுது."

மரவாடிக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. "ஏதோ கோவத்துல பேசிட்டேங்க. ரிவர்ஸ் சக்கரத்த நாளைக்கே அனுப்பிர்றேன்."

"ஓடாத வண்டிக்கு ரிவர்ஸ் எதுக்குங்க? ஒங்களுதாச்சும் முழுசா ஓடட்டும்."

ராகுகாலத்துக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் தட்டு மாறியது. அன்று வெற்றிலை போட்ட அத்தனை பேர் வாயிலும் கிரீஸ் மணம்.

பல் டாக்டர் மட்டும் ஒரு வாரம் ஒரிஜினலோடு பேசவில்லை. "என்னய்யா மனுசன் இவரு! பொண்ணுக்கு ஆயிரம் மாப்பிள்ள கெடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கெடைக்குமா?" என்று என்னிடம் பொருமித் தீர்த்தார்.

கல்யாணம் முடிந்து, தனம் அறந்தாங்கி போன மறுமாதம் முதல்முறையாகப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். மாமனாரின் அதே காரில், மாப்பிள்ளை ஓட்டி வந்தார். பல் டாக்டரும் நானும் ஒரு காப்பிக்குப் பந்தயம் கட்டியிருந்தோம். கார் நின்றதும் ஒரிஜினல் ஓடிப்போய்ப் பானெட்டைத் திறப்பார் என்று நான் சொன்னேன். அடியில் போய்ப் படுப்பார் என்று டாக்டர் சொன்னார்.

கார் வந்து நின்றது. எஞ்சின் பூப்போல ஓடிக்கொண்டிருந்தது. ஒரிஜினல் ஓடினார். முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வாம்மா" என்றார்.

காப்பியை யார் வாங்கித் தருவது என்று தெரியாமல், டாக்டரும் நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றோம்.