நல்ல கிருமிக்கு அனுமதி

சுத்தம் காக்கும் துறையின் தலைமை அலுவலகத்துக்குள் கிருமி நுழையக் கூடாது என்பது சட்டம். அதை அழகான நடையில் எழுதிக் கொடுத்தவர் மூலை மேஜைக் குமாஸ்தா. அவர் வயிற்றிலேயே ஒரு கிருமி பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறது என்று டாக்டர் சொன்னபோது, பாவம், மனிதருக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"வயித்துப் புண்ணு பெருசாகறதுக்குள்ள அந்தக் கிருமியைக் கொன்னாகணும். போன தடவை மாதிரி வயித்தால போகுதுன்னு மாத்திரையைப் பாதியில விட்டுடாதீங்க. அதைத் தாங்கறதுக்குத்தான் கூடவே இந்த நல்ல கிருமி டப்பா. இது மட்டும் போட்டா நோய் தீராது, துணைக்குத்தான். ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்றார் டாக்டர்.

வீட்டு ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டதால், டப்பா அலுவலக ஃப்ரிட்ஜுக்குப் போனது. அங்கே கண்காணிப்பாளர் அதைப் படித்துப் பார்த்தார். 'உயிருள்ள பாக்டீரியா, கோடிக்கணக்கில்.' ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தி, முதுகை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டு, இயக்குநருக்கு ஆள் அனுப்பினார்.

"கோடிக்கணக்கான பேரை அனுமதியில்லாம உள்ள கொண்டு வந்திருக்கீங்க" என்றார் இயக்குநர்.

"ஐயா, இது நல்ல கிருமிங்க."

"நன்னடத்தைச் சான்று இருக்கா?"

"கெட்டது என் வயித்துல இருக்குங்க. அதை விரட்டத்தான்..."

"அது எப்போலேர்ந்து இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்தே இருக்கும்னாரு டாக்டர்."

"அப்போ நீங்க வேலைக்குச் சேர்ந்தப்பவே அதுவும் சேர்ந்திருக்கு. பணிமூப்பு உள்ளதை நாம தொட முடியாது. புதுசா வர்றதுக்குத்தான் விசாரணை."

மேற்படி நுண்ணுயிரிகள் மறு உத்தரவு வரும்வரை இயக்குநர் அறை ஃப்ரிட்ஜில் காவலில் வைக்கப்பட்டன. ஆணையை எழுதியதும் குமாஸ்தாதான்.

மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு அவர் கழிப்பறைக்கும் மேஜைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். "வயிறு உங்களோடதா, அவரோடதா? போய் வாங்கிட்டு வாங்க!" என்று மனைவி விரட்டியதும், பல்லைக் கடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனார்.

இயக்குநர் மலர்ந்த முகத்தோடு இருந்தார். "அனுமதி குடுத்தாச்சு. நல்ல கிருமிதான். முகம் பளபளக்குமாம், பெரிய இடத்துல எல்லாரும் இதைத்தான் சாப்பிடறாங்களாம். எடுத்துட்டுப் போங்க."

டப்பா காலி.

"ஐயா, உள்ள இருந்ததெல்லாம்?"

"விழுங்கிப் பார்க்காம எப்படி விசாரிக்கிறது? கண்காணிப்பாளரும் சாட்சிக்கு ரெண்டு போட்டாரு." இயக்குநர் நெஞ்சைத் தடவினார். "ஒண்ணுதான் புரியல. அத்தனையும் போட்டும் இந்த எரிச்சலும் வயித்து வலியும் போகவே இல்ல. வருஷக்கணக்கா இருக்கு."

குமாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது பணிமூப்பு உள்ளதா இருக்கும் ஐயா. தொடக் கூடாதுங்க."

இயக்குநர் சிரிக்கவில்லை. யோசித்தார். "சரியாச் சொன்னீங்க. அதையே ஒரு சுற்றறிக்கையா எழுதிடுங்க."

குமாஸ்தா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதினார். 'இவ்வலுவலகத்தார் வயிறுகளில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் கிருமிகளுக்கு எவராலும் எவ்வித இடையூறும் நேரலாகாது.' என்ன இருந்தாலும் நடை நன்றாகத்தான் வந்திருந்தது. எல்லோரும் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசியாகப் போட்ட கண்காணிப்பாளர், குமாஸ்தாவின் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையைக் கவனித்துவிட்டு, சுற்றறிக்கையின் 'இடையூறு' என்ற சொல்லில் ஒரு விரலை வைத்தபடி மறு கையை நீட்டினார்.