முச்சந்தியில் பொறுக்கிய கண்

நெடுந்தீவில் பேய்க்குப் பயப்படாத ஆட்கள் அந்தக் காலத்தில் இரண்டே பேர்தான். ஒன்று பேய். மற்றவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர், ஊர் வைத்த பெயரால் கழிப்பு மாஸ்டர்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆசிரியராக முதல் நியமனம் கிடைத்துச் சுருவில் ஊரிலிருந்து போன என்னை அவருடைய அறையிலேயே தங்க வைத்தார்கள். என் கட்டிலுக்குக் கீழே ஒரு பனையோலைக் கடகம் நிறையக் காய்ந்த தேசிக்காய்ப் பாதிகள் இருந்தன. ஊறுகாய்க்காக்கும் என்று ஒன்றை நக்கிப் பார்த்தேன்.

"தம்பி, அது மேற்கு வீட்டுப் பெடிச்சியின்ரை காய்ச்சல்" என்றார் மாஸ்டர், வெகு அமைதியாக. அடுத்த மூன்று நாள் எனக்குக் காய்ச்சல்.

பிள்ளைக்குக் கண்ணூறு பட்டால் தேசிக்காய், நீத்துப்பூசணிக்காய், செத்தல் மிளகாய், கறுப்பு நூல் எல்லாம் வைத்துக் கழிப்புக் கழித்து, இருள் கவியும் மம்மல் பொழுதில் முச்சந்தியில் எறிவார்கள். எறிந்தவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. எறிந்ததை யாரும் மிதிக்கவும் மாட்டார்கள். மாஸ்டருக்கோ அதுதான் வர்ணப்பெட்டி. கடகத்தோடு பூவரசுக்குப் பின்னால் காத்து நிற்பார்.

"சுருக்கா எறியுங்கோ அக்கா, மழை வரப்போகுது."

"ஆரது?"

"நான்தான். திரும்பாதேங்கோ, பிறகு கழிப்புப் பலிக்காது."

பாவம் அந்த மனுசி. திரும்ப முடியாமல், முன்னால் நின்ற பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே மாஸ்டரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்ப்பாள்.

பொறுக்கியதையெல்லாம் ஒரு பழைய கதவுப் பலகையில் பிசினால் ஒட்டினார். அந்தோனியார் கோயிலில் உருகி வழிந்த மெழுகும், யாரோ கழற்றி எறிந்த, மந்திரத் தகடு அடைத்த அச்சரக்கூடும் அதில் சேர்ந்தன. மூன்று வருடத்தில் பலகை ஒரு பெரிய கண்ணாகி முழிக்கத் தொடங்கியது.

"சனம் பயந்து எறியிற சாமானிலைதான் வடிவு கிடக்கு, தம்பி" என்பார். எனக்கு அந்த அழகும் தெரிந்தது, பயமும் குறையவில்லை.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் மாடு பால் மறுத்ததுதான் வினையாகப் போனது. கழித்ததை ஊருக்குள் திரும்பக் கொண்டுவருகிற ஆளை ஊரைவிட்டே மாற்றவேண்டும் என்று கல்வி அலுவலகத்துக்குப் பெட்டிசம் போட முடிவாயிற்று. ஊரிலேயே நல்ல எழுத்து என்னுடையதாம். மறுக்கத் தைரியமில்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் மாற்றக் கட்டளை வந்துவிட்டது.

மாஸ்டர் அதை வாசித்தார். "எழுத்து வடிவாயிருந்தால் கந்தோரிலை உடனை கவனிப்பினம்" என்று சொல்லி எனக்கே தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

புறப்படும் நாள் ஊரே இறங்குதுறையில் நின்றது. வழியனுப்ப என்று சொன்னார்கள். உண்மையாகவே போகிறாரா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். மாஸ்டர் பலகையைத் தலையில் சுமந்து வந்தார்.

"நீங்கள் ஏறுங்கோ மாஸ்டர். உந்தப் பலகையை ஏத்த ஏலாது" என்றார் வள்ளக்காரச் சூசை அண்ணை. "நடுக்கடலிலை உது முழிச்சால் நான் ஆரைக் கூப்பிடுறது?"

"அப்ப மனேச்சரின்ரை கடையிலை வைச்சிட்டுப் போறன்."

"ஐயோ, என்ரை கடையிலையோ!" மனேச்சர் இரண்டடி பின்னால் போனார். "உதை இதிலையே போட்டுக் கொளுத்தும்!"

"எரிக்கலாம். புகை ஆரின்ரை வீட்டுப் பக்கம் போகும்?"

எல்லோரும் அண்ணாந்து காற்றைப் பார்த்தார்கள். சோளகம் நேரே ஊருக்குள் வீசிக்கொண்டிருந்தது. கடலில் போடச் சூசை அண்ணை விடவில்லை. அவருடைய மீன் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

மனேச்சர் வியர்வையைத் துடைத்தார். "மாஸ்டர், நீர் உதோடை இஞ்சையே இரும். உம்மைத் தவிர ஆருக்கும் உதை வைச்சிருக்க ஏலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, மாஸ்டரை மாத்த வேண்டாமெண்டு உடனை ஒரு பெட்டிசம் எழுதும்."

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த கடதாசியை எடுத்து நீட்டினேன். மாற்றக் கட்டளை வந்த அன்றே எழுதி, அனுப்பத் தைரியமில்லாமல் வைத்திருந்தது. அந்த மனுசன் இல்லாத அறையை நினைக்கவே எனக்கு அழுகை வந்தது. ஊர் முழுக்கக் கையெழுத்து வைக்க இடம் விட்டு, முதல் ஆளாக நான் வைத்திருந்தேன்.