சோனி கிரெல் அல்லாத ஆள்

வக்கீல் கடிதத்தைத் தயாரிப்பாளர் கஸ் உரக்கப் படித்தபோது, நாடக ஆசிரியர் ஹெர்ஷ் பிளாட்கின் கடித்த சாண்ட்விச்சைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"'தங்கள் நாடகத்தில் வரும் நகைச்சுவை நடிகன் சுருட்டை மெல்கிறான், தொப்பியை முதுகுக்குப் பின்னால் சுழற்றிப் பிடிக்கிறான். இரண்டும் என் கட்சிக்காரர் சோனி கிரெல்லுக்கே உரியவை.' யோவ் ஹெர்ஷ், நிஜத்தைச் சொல்லு. அவரைப் பார்த்துத்தானே எழுதினே?"

"ஒம்பது வருஷம் அவருக்கு ஜோக் எழுதினவன் நான். வேற யாரைப் பார்த்து எழுதுவேன்? என் பல் டாக்டரையா?"

செவ்வாய்க்கிழமை ராத்திரி டெலிவிஷனில் கிரெல் வந்து நின்றால் பாதி அமெரிக்கா சிரிக்கும். அவர் வழக்குப் போட்டால், நியூ ஹேவனில் வெள்ளோட்டம் ஓடும் நாடகம் நியூயார்க்கை எட்டிக்கூடப் பார்க்காது.

"புதன்கிழமை மத்தியானக் காட்சிக்கு வக்கீல் வரான். கூடவே கிரெல்லோட சம்சாரமும் வராங்களாம். 'இது என் வீட்டுக்காரர்தான்'னு அந்தம்மா சொல்லிட்டா அன்னிக்கே மூடுவிழா" என்றார் கஸ்.

வேலையை விட்ட அன்று கிரெல் சொன்னது இன்னும் ஹெர்ஷின் காதில் இருந்தது: "ஆறு மாசத்துல திரும்பி வருவே. வரும்போது எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வா." நாடகம் நின்றால் அந்தக் காபியை வாங்கித்தான் தீர வேண்டும்.

சுருட்டும் தொப்பியும் போயின. பதிலுக்கு, பேச்சுக்கு நடுவே காது மடலை இழுக்கும்படி அந்த வேஷம் போட்ட நடிகர் வெண்டலிடம் சொன்னார் ஹெர்ஷ். திங்கட்கிழமைக் காட்சியில் கைதட்டல் பிரமாதம்.

மறுநாள் காலை ஒரு கிழவர் பின்வாசலில் வந்து நின்றார். ஒரு காலத்தில் மேடையில் குச்சி முனையில் தட்டு சுழற்றி வித்தை காட்டியவராம்.

"காது இழுக்கறது என்னோடது! முப்பத்தஞ்சு வருஷமா இழுக்கறேன். சந்தேகமா இருந்தா அளந்து பாரு, இந்தக் காதுதான் நீளம்!"

அந்தக் காலத்து மேடைக்காரர்கள் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடியவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். சேஷ்டையைத் திருடியவனை மன்னிக்க மாட்டார்கள். காதும் போயிற்று. விக்கி விக்கிச் சிரிக்கும் சிரிப்பு வந்தது.

அன்று ராத்திரிக் காட்சி முடிந்ததுமே ஒரு விதவை அம்மாள் டிக்கெட் ஜன்னலைத் தட்டினாள்.

"அது என் வீட்டுக்காரர் சிரிப்பு! அவர் போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்பைத்தான் நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். அதையும் தூக்கிட்டீங்களா?"

ஹெர்ஷுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. அதையும் எடுத்தார். புதன்கிழமை காலை வக்கீலே போன் செய்தார். "கிரெல்லிடம் வேலை பார்த்தபோது நீங்கள் எழுதிய ஜோக்குகளும் அவருடையவை. நினைவிருக்கட்டும்."

நாடகத்தில் பாதி ஜோக் அந்தக் காலத்தில் எழுதியதுதான். ஹெர்ஷ் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

வெண்டல் அழாத குறை. "சுருட்டு இல்ல, தொப்பி இல்ல, சிரிப்பு இல்ல, இப்ப ஜோக்கும் இல்ல. நான் என்னதான் செய்யறது?"

"கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நில்லு."

"நின்னு?"

"ஏதாவது சொல்ல ஆரம்பி. பாதியில நிறுத்து. எல்லார் மூஞ்சியையும் பார்த்து 'சிரிப்பு வரலையா?'ன்னு கேளு."

"அவ்வளவுதானா?"

"என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்யா!"

மத்தியானம் அரங்கு நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் வக்கீல் லிண்ட்குவிஸ்ட், நோட்டும் பேனாவுமாக. பக்கத்தில் பச்சைத் தொப்பி அணிந்த வெர்னா கிரெல். பின்சுவரோடு ஒட்டி நின்ற ஹெர்ஷுக்கு அந்தத் தொப்பி மட்டும் தெரிந்தது. அது கடைசிவரை அசையவே இல்லை.

வெண்டல் வந்து நின்றார், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. ஆரம்பித்தார், நிறுத்தினார். "சிரிப்பு வரலையா?" என்று கேட்டார். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஒருவர் சிரித்தார், அப்புறம் அரங்கமே சிரித்தது. கடைசிக் காட்சியில் அதே கேள்வியை அவர் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் மூக்கைச் சிந்தினார்கள்.

திரை விழுந்ததும் வக்கீல் நேராக ஹெர்ஷிடம் வந்து வெற்று நோட்டைக் காட்டினார். "ஒரு வரிகூட எழுத வேண்டி வரல. துளி ஒற்றுமை கிடையாது. மேடம், நீங்க என்ன சொல்றீங்க?"

"இது சோனி இல்லை" என்றாள் வெர்னா.

கஸ் ஹெர்ஷைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வக்கீல் காரைக் கூப்பிட வெளியே போனார். கஸ் வெண்டலைத் தேடி ஓடினார்.

வெர்னா மட்டும் போகவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டி முடித்துவிட்டு, ஹெர்ஷின் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"பதினெட்டு வருஷமா எங்க வீட்டுச் சமையலறையில கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற, நான் மட்டுமே பார்த்துக்கிட்டிருக்கற ஆளு... அவரை நீங்க எங்கே பார்த்தீங்க?"