வழுக்காத தரைக்கு ஐந்து வருட உத்தரவாதம்

அன்றைய முதல் நடையிலேயே தபால்காரர் விழுந்தார். படகுக்குள் கால் வைத்ததுதான் தாமதம், கால் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார், பையில் இருந்த கடிதங்கள் எல்லாப் பக்கமும் போயின.

"பாத்து ஏற மாட்டீங்களா?" என்று கேப்டன் சீறினார்.

"எதைப் பாக்கறது? தரையில என் மூஞ்சிதான் தெரியுது," என்றார் தபால்காரர், கிடந்த இடத்திலிருந்தே.

அந்த வாரத்தில் அவருக்கு முன்பே ஒரு நர்ஸம்மா விழுந்திருந்தார், ஒரு தையல்காரர் விழுந்திருந்தார், தையல்காரரைத் தூக்கிவிடப் போனவரும் விழுந்திருந்தார். எல்லாரையும் கேப்டன் திட்டியாகிவிட்டது. திட்ட ஆள் தீர்ந்த பிறகுதான் குனிந்து தரையைப் பார்த்தார். புத்தம்புது ரப்பர் ஷீட். தானே அளந்து, தானே விரித்து, ஓரமெல்லாம் அலுமினியப் பட்டை வைத்துத் தானே திருகியது. அதற்குள் அங்கங்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"வழுக்காத தரைன்னு சொல்லி என் தலையில கட்டிட்டான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கேப்டன் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றும் ஒரு மோட்டார் படகுக்கு அவரே முதலாளி, அவரே ஓட்டுநர், டிக்கெட் கிழிப்பவரும் அவரே. கோபத்தை மட்டும் அவர் யாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் கோபத்துக்குள் பயமும் இருந்தது. அடுத்த மாதம் முதல் அந்தத் துறையில் ஒரே ஒரு படகுக்குத்தான் அனுமதி, அதிலும் ஈரத்தில் வழுக்காத தரை இருந்தால்தான் அனுமதி என்று படகுத்துறை அதிகாரி சொல்லிவிட்டார். துறையில் இருப்பதோ இரண்டு படகுகள். ஒன்று இவருடையது. இன்னொன்று இவருடைய மனைவியின் தம்பியுடையது.

அந்த மச்சான் இவரிடம்தான் கயிறு கட்டக் கற்றான், இவரிடம்தான் மோட்டார் பிரிக்கக் கற்றான். கற்று முடித்த கையோடு ஒரு பழைய படகை வாங்கி இவருக்கு எதிரிலேயே கட்டினான். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. அவன் படகில் ஓட்டை விழுந்த பலகைத் தரை. புது ஷீட் வாங்க அவனிடம் வழியில்லை. அதனால்தான் அனுமதி தன் சட்டைப் பைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார் கேப்டன். இப்போது அது நழுவப் பார்த்தது. படகு போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

கம்பெனிக்குப் போன் போட்டார். முதலில் ஒரு பதிவுக்குரல் மொழிக்கு எண் ஒன்றை அழுத்தச் சொன்னது. அவர் அழுத்தினார். திரையில் கீறல் விழக் கூடாதென்று கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளோடுதான் அந்தப் போனை வைத்திருந்தார், அதனால் எதையும் மூன்று தடவை குத்தினால்தான் ஏற்கும். குத்திய குத்தில் இணைப்பே அறுந்தது. நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் சார், நான் எப்படி உதவலாம்?"

"உதவி செஞ்சது போதும்மா. உங்க ஷீட் கொப்புளம் விடுது. ஏறினவன் எல்லாம் மல்லாந்து விழறான். ஐந்து வருஷ உத்தரவாதம்னு சொன்னீங்களே, அது ஷீட்டுக்கா, விழறவன் இடுப்புக்கா?"

"மன்னிக்கணும் சார். ஒரே ஒரு கேள்வி. ஷீட்டை விரிக்கும்போது நீங்க..."

"நான் விரிச்சது தப்புன்னு சொல்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து படகுல நிக்கறவன் நான்."

"இல்ல சார், அதை..."

"போட்டோ வேணுமா, அனுப்பறேன். பாத்துட்டு வேற ஷீட் அனுப்புங்க." போனை வைத்துவிட்டார்.

போட்டோ அனுப்பினார். பளபளப்பில் வெயில் பட்டு, படம் முழுக்க வெறும் வெளிச்சம். படம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. கேப்டன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று தானே வைத்தியத்தில் இறங்கினார். மனைவியின் தையல் ஊசியை எடுத்துப்போய்க் கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார். காற்று போனது. மறுநாள் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் போனது. கொப்புளங்கள் இப்போது மிதித்தால் பிசுக் பிசுக்கென்று நகர்ந்தன.

ஒரு மூலையில் பட்டைக்கு அடியிலிருந்து லேசாகப் பிரிந்துகொண்டு வந்தது. விடுவாரா? பசை வாங்கி ஒட்டி, மேலே நங்கூரத்தைத் தூக்கி வைத்தார். அது ஒட்டியது. கூடவே நங்கூரமும் ஒட்டியது.

வழுக்கலுக்கு மருந்தாக ஆற்று மணலைத் தூவினார். தண்ணீர் பட்டதும் மணல் உருள ஆரம்பித்தது. முன்பு ஒரு பக்கமாக விழுந்துகொண்டிருந்தவர்கள் இப்போது எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் சுற்றிவிட்டு விழுந்தார்கள். மணலைக் கழுவச் சோப்புத்தூள் போட்டார். அன்றைக்கு விழுந்தது கேப்டனே. நர்ஸம்மா கரையில் நின்று பார்த்துவிட்டு, மிகவும் திருப்தியோடு மச்சானின் ஓட்டைப் படகில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் அதன் பிளாஸ்டிக் கவரைக் கழற்ற அவர் விட்டதில்லை. எழுந்தால் சோபாவும் கூட எழுந்திருக்கும். அதனால் மனைவி எப்போதும் தரையில்தான் உட்காருவாள்.

"என்னங்க, கம்பெனிக்கே நேரா போய்க் கொஞ்சம் பொறுமையா பேசிப் பாருங்களேன்," என்றாள்.

"பொறுமையா? என் பொழப்பே ஆத்துல போகப்போகுது. உன் தம்பி வேற அங்க பல்லைக் காட்டிட்டு நிக்கறான்."

"அவன் எங்கங்க பல்லைக் காட்டினான்? இன்னைக்கு நீங்க விழுந்தப்ப தூக்கிவிட ஓடி வந்தான். நீங்கதான் துடுப்பை ஓங்கினீங்க."

துடுப்புப் பேச்சு வந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கம்பெனி அலுவலகத்தின் முன்னறையில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். கேப்டன் பேச ஆரம்பித்ததும் அவர்களில் ஆறு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். குரலைக் கேட்டதுமே அடையாளம் தெரிந்தது, போனில் பேசியவள்.

"சார், உக்காருங்க. நான் அன்னைக்கே கேக்க வந்தேன். விரிச்ச பிறகு நீங்க அந்த..."

"மறுபடியும் என் மேலயே பழியா? உங்க ஷீட் கெட்டது. கெட்டதுன்னு ஒத்துக்கங்க. இல்லேன்னா நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"சார், ஒரு நிமிஷம் சொல்ல விடுங்க..."

"சொல்ல வேண்டியதை உன் மேனேஜர் சொல்லட்டும்."

மேனேஜர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். அவருக்கும் வேலை இருந்தது, காதும் இருந்தது. கேப்டன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில், "இந்தச் சத்தத்துக்கு ஒரு ஷீட் போனா போகட்டும்மா," என்றார். பொருள் குறையுள்ளது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றும், புது ஷீட் சுருள் ஒன்றும் கைக்கு வந்தன. பழைய ஷீட்டை என்ன செய்வது என்று கேப்டன் கேட்டார்.

"நீங்களே வெச்சுக்கங்க," என்றார் மேனேஜர். "இங்க மட்டும் கொண்டு வராதீங்க."

அந்தப் பெண் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "சார், இந்தத் தடவையாவது..."

"இந்தத் தடவை எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்று கேப்டன் வண்டியைக் கிளப்பினார்.

வெற்றி அவரை இளக வைத்துவிடவில்லை. மனைவி மெதுவாக, "பழைய ஷீட் சும்மாத்தானே கிடக்கு. தம்பி கேட்டான், அவனுக்குக் குடுத்தா என்ன?" என்றதும் முதலில் ஒரு கத்துக் கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தினார். முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"குடு, தாராளமா குடு," என்றார். "வெட்டி எடுத்துட்டுப் போய் விரிக்கட்டும். அதிகாரி அவன் படகுல கால் வைக்கட்டும். மீதியை ஷீட் பாத்துக்கும்."

"இப்படி ஒரு மனசா உங்களுக்கு," என்றாள் மனைவி. அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

புது ஷீட்டைக் கைக்குழந்தையைப் போல விரித்தார். பட்டைகளை முன்னைவிட இறுக்கித் திருகினார். கண்ணாடி மாதிரி மின்னியது. ஆய்வு நாள் வரை படகையே எடுக்கவில்லை, அதிகாரியின் காலடிதான் முதல் காலடியாக இருக்க வேண்டும் என்று யாரையும் உள்ளே விடவில்லை. தபால்காரர் எட்டிப் பார்த்ததற்குக்கூடத் திட்டு வாங்கினார்.

ஆய்வு நாளில் துறை நிறைய ஆள். படகுத்துறை அதிகாரி ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கையில் ஒரு வாளி. அவருடைய சோதனை எளிமையானது: தரையில் தண்ணீரை ஊற்றுவார், அதன் மேல் நடப்பார்.

கேப்டனின் படகில் ஊற்றினார், நடந்தார். முதல் அடி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியை அவர் வைக்கவில்லை, அது தானாகவே போனது. கேப்டனின் சட்டைக் காலரைப் பிடித்ததால் தப்பித்தார். காலர் தப்பவில்லை.

"சார், இதுவும் கெட்ட ஷீட்டு போல," என்றார் கேப்டன். "கம்பெனிக்காரன் மறுபடியும் ஏமாத்திட்டான். நாளைக்கே போய் அவனை..."

அதிகாரி கவனமாக இறங்கி, பக்கத்துப் படகுக்குப் போனார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். கேப்டனுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சம் இருந்தது. தான் விழுந்தாலும் அவனும் விழுவான், அப்புறம் இரண்டு பேருக்கும் இன்னொரு தவணை கிடைக்கும்.

வாளித் தண்ணீர் தரையில் விழுந்தது. அதிகாரி நடந்தார். திரும்பி நடந்தார். குதிகாலால் தேய்த்துப் பார்த்தார். நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, ஒரு கொப்புளம்கூட இல்லாமல் தரை அவர் காலைப் பிடித்து வைத்துக்கொண்டது.

"தரைன்னா இப்படி இருக்கணும்," என்றார். "அனுமதி இந்தப் படகுக்குத்தான்."

கேப்டன் கிழிந்த காலரோடு நடுவில் பாய்ந்தார். "அநியாயம் சார். அது என் ஷீட். கெட்டுப்போன ஷீட். கம்பெனியே கெட்டதுன்னு எழுதிக் குடுத்திருக்கான், பாருங்க." கடிதத்தை நீட்டினார்.

அதிகாரி படித்தார். தரையைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். "இதுல கெட்டதுன்னுதான் இருக்கு," என்றார். "ஆனா என் காலுக்கு அது தெரியலையே."

துறை முழுக்கச் சிரித்தது. தபால்காரர் சிரித்தது தனியாகக் கேட்டது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தச் சாம்பல் தரையையும் கேப்டனின் பளபளத் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்திரமா, அவமானமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. வருஷக்கணக்காகப் பேசாத வாயைத் திறந்து மச்சானிடம் நேராகக் கேட்டார்.

"டேய், உண்மையைச் சொல்லு. ஊசியால குத்திப் பாத்தேன், பசை போட்டுப் பாத்தேன், மணலைக் கொட்டிப் பாத்தேன். எனக்கு அடங்காத ஷீட்டு உனக்கு எப்படிடா அடங்குச்சு? என்னடா பண்ணின அதை?"

மச்சான் மரியாதையாகக் கைக்கட்டை அவிழ்த்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. மேல ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரிச்சுப் போட்டேன், அவ்வளவுதான்."